குவாயோ மலைமக்களும் ஒரே கூரை மருத்துவமனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பசிபிக் கடலிலுள்ள சாலமன் தீவுகளின் மலைமக்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மலாய்டா தீவின் குவாயோ மக்களைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பதே அபூர்வம்; அதற்கு நன்றி. ஆனால் "மூடநம்பிக்கையால் மருத்துவத்தை மறுப்பவர்கள்" என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் காசநோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். நோயாளி வரவில்லையென்றால் குற்றத்தை அவர் தலையில் கட்டுவது எங்கள் துறையின் பழைய பழக்கம். குவாயோ மக்கள் விஷயத்தில் அது கொஞ்சமும் பொருந்தாது.

மலாய்டாவின் கரையோரத்தில் வாழ்பவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள். நடுமலைக் குவாயோ குடிகளில் ஒரு பகுதியினர் மட்டும் முன்னோர் வழிபாட்டை இன்னும் விடவில்லை. கிழங்கு விளைவது, பன்றி பெருகுவது, பிள்ளை நோயில்லாமல் வளர்வது எல்லாமே 'அடாலோ' என்கிற முன்னோர் ஆவிகளின் காவலால்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தக் காவல் நிலைக்க வேண்டுமானால் 'அபு' என்னும் விலக்குகளைப் பேண வேண்டும். குடியிருப்பே அதற்கேற்பத்தான் அமைகிறது. மேட்டில் ஆண்களின் வீடு, நடுவில் குடும்பங்களின் வீடுகள், சரிவில் மாதவிலக்குக் குடிசை, அதையும் தாண்டிக் காட்டோரம் பிள்ளைப்பேற்றுக் குடிசை. தீட்டு மேலேறினால் அடாலோவின் காவல் போய்விடும். பன்றி பலி கொடுத்துத்தான் அதைச் சரிக்கட்ட முடியும். வீட்டில் ஒருவர் நோயில் கிடக்கும்போது பன்றிக்கு எங்கே போவது?

பெண்ணாக இதைப் படிக்கையில் எனக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் 1960களிலிருந்து அவர்களிடையே தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் ரோஜர் கீசிங்கிடம் குவாயோ பெண்கள் வேறுவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். விலக்குகளைக் காப்பது தங்கள் பொறுப்பு, குடும்பத்தின் நலமே தங்கள் கையில் இருக்கிறது என்பது அவர்கள் பேச்சு. நான் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மருத்துவமனை கட்டியவர்கள் அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

கிழக்குக் குவாயோவில் அட்டோய்ஃபி மருத்துவமனை 1966இல் திறக்கப்பட்டது. நடத்துவது அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபை. அப்பகுதிக்குச் சாலை கிடையாது. மலையிலிருந்து நடந்துதான் இறங்க வேண்டும். அங்கே உழைத்தவர்களின் அர்ப்பணிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு அங்கே வந்த பிரையன் டன் என்ற மிஷனரி ஈட்டியால் குத்தப்பட்டு உயிரிழந்தார். அதன் பிறகும் பணி நிற்கவில்லை. ஆனால் கட்டடத்தைப் பாருங்கள். மாடி வைத்தது. பிரசவ அறையும் கழிப்பறையும் ஆண்கள் வார்டும் ஒரே கூரையின் கீழ். முன்னோர் வழியில் நிற்கும் ஆண் ஒருவர் அதற்குள் கால் வைத்தாலே விலக்கு மீறல்தான். உடம்பு தேறினாலும் சடங்கு செய்யாமல் ஊருக்குள் போக முடியாது. போதாததற்கு, பன்றி இறைச்சி உண்ணக் கூடாதென்பது அட்வென்டிஸ்ட் நெறி. பன்றி இல்லாமல் குவாயோ வழிபாடே இல்லை!

காசநோய் அந்த மலையில் இன்றும் பெரிய தொல்லை. இதற்கு ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். முதல் இரண்டு மாதம் மிக முக்கியம். ஒரு நாள் ஊசி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துபோய்விடலாம். வாரக்கணக்கில் அந்தக் கூரையின் கீழ் படுத்துக்கிடக்க வேண்டும் என்றால்? ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மருத்துவமனை ஊழியர்கள், மலைமக்கள் மூன்று தரப்பும் சேர்ந்து இதைப் பேசியபோது வழி தெரிந்தது: பிரசவ வார்டிலிருந்து விலகிய தனிக் கட்டடம், அதற்கென்று தனிக் கழிப்பறை. மதம் மாறச் சொல்லவும் வேண்டாம், மருந்தை மாற்றவும் வேண்டாம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது பெரிய குறை.

அரசாங்கத்தை அவர்கள் ஏன் நம்புவதில்லை என்பதும் விடுபட்டுவிட்டது. 1927 அக்டோபரில் தலைவரி வசூலிக்க வந்த பிரிட்டிஷ் மாவட்ட அதிகாரி வில்லியம் பெல்லையும் உடன் வந்தவர்களையும் பாசியானா என்ற தலைவரின் ஆட்கள் கொன்றார்கள். பதிலுக்கு வந்த தண்டனைப் படை துப்பாக்கியால் சுட்டதோடு நிற்கவில்லை. முன்னோர் கோயில்களைத் தீட்டுப்படுத்தியது, தோட்டங்களை அழித்தது. இருநூறு பேர் அளவில் அன்றைய தலைநகரான துலாகியின் சிறைக்குக் கொண்டுபோனார்கள். சுமார் முப்பது பேர் அங்கேயே நோயில் மடிந்தார்கள். பாசியானாவையும் வேறு ஐவரையும் 1928இல் தூக்கிலிட்டார்கள். சுடப்பட்டவர்களைவிடத் தீட்டுப்பட்ட கோயில்களே பெரிய அழிவு என்று வாரிசுகள் இன்றைக்கும் சொல்கிறார்கள். பின்னாளில் வந்த நோய்களுக்கும் அதையே காரணமாகக் காட்டுகிறார்கள்.

கடைசியாக, அவர்களைக் "கற்கால மனிதர்" என்று எழுதியது பற்றி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மலாய்டா ஆண்கள் ஆஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களில் கூலிகளாக உழைத்து, துப்பாக்கியோடு ஊர் திரும்பியவர்கள். 1927 அழிவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று பிரிட்டனிடம் கேட்டவர்கள் குவாயோ மக்கள். அந்தக் கோரிக்கையைப் பற்றியும் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்