மூட்டை மணி இல்லை, சுற்றிய மணிதான்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அனைவருக்கும் வணக்கம்.

சத்துவாச்சாரி வீட்டுக்கே வந்து கண்ணாடி மணி பொறுக்குகிறவர்களுக்கு இந்தக் கடிதம் தேவையில்லை. கண்ணாடியை உருக்கும் கேஸ் டார்ச் இரைகிற சத்தத்தில் நம் பேச்சே பாதிதான் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். போன வாரத்திலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு போட்டோ சுற்றுகிறது. விரிசல் விட்ட நீல மணி ஒன்று. அதற்குக் கீழே, 'கைவேலை என்று சொல்லி மூட்டையாக வாங்கி வந்து விற்கிறார்கள்' என்று ஒரு வரி.

விரிசலை ஒத்துக்கொள்கிறேன், அந்த மணி நம்முடையதுதான். கம்பியில் சுற்றி முடித்த மணியைச் சூடு குறையுமுன் சூளையில் வைத்து, 500 டிகிரிக்குச் சற்று மேலிருந்து ராத்திரி முழுக்க மெல்ல ஆறவிட வேண்டும். சட்டென்று ஆறினால் மேல்பக்கம் முதலில் இறுகி, உள்ளே இழுப்பு தங்கிவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பத்து நாள் கழித்துத் தானாக விரியும். ஆடி மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போய், விடியும்வரை வரவில்லை. அந்தச் சூளையில் இருந்த மணிகளை அப்படியே கழித்திருக்க வேண்டும். மனசு வராமல், நன்றாக இருந்ததை அனுப்பிவிட்டேன். என் தப்பு. ஆடியில் வாங்கியதில் விரிசல் கண்டால் கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் வேறு மணி தருகிறேன்.

ஆனால் மூட்டை என்றார்களே, அதுதான் தூங்கவிடவில்லை.

மூட்டையாக வருகிற மணி வேறு சாதி. திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடு காட்டி முனையை மழுக்குவார்கள். புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த பழங்காலத்துச் சின்னச் சின்ன மணிகளும் இழுத்த வகைதான். அதுவும் லேசான வேலை இல்லை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் நூல் கோக்கிற துளைதான் இருக்கும், உங்கள் சார்ம் பிரேஸ்லெட் சங்கிலி அதில் நுழையாது. அதற்காகத்தான் நாம் 5 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியைக் களிமண் குழம்பில் தோய்த்துக் காயவைத்து, அதன்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றுகிறோம். துளை வாயில் வெள்ளிப் பூண் போடாத மணியின் துளையில் வெள்ளையாகத் தூள் இருக்கிறது, பழைய சரக்கு என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, அது அந்தக் களிமண்! கம்பியில் சுற்றியதற்கு அதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

ஒரே நீலத்தில் இரண்டு மணி ஒன்றுபோல் இல்லை என்பதும் புகார். அந்த நீலம் செம்பால் வருவது. தீயில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தால் செங்கல் நிறத்தில் ஒரு கோடு ஓடிவிடும். அது பிடித்து வாங்குகிறவர்களும் உண்டு. ஒரு மணியைச் சுற்ற இருபது நிமிஷம் ஆகிறது, அதுவும் ஃபேன் இல்லாமல். காற்று பட்டால் தீ ஆடும், மணி தெறிக்கும். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் அப்படி உட்கார்ந்து பார்த்துவிட்டு மூட்டை என்று சொல்லட்டும்.

ஊர்ப்பேச்சுக்கு மருந்து இல்லை என்பது தெரியும். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் பல காலம் லிங்கம் இல்லாமல் இருந்தது, அது திரும்பி வந்தது 1981-இல். இன்றைக்கும் 'சாமி இல்லாத கோயில்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், என்னோடு நாலு வருஷம் மணி சுற்றிய பெண் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டாள். மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு, எப்படித் தடுப்பது? இப்போது நான் ஒருத்திதான். வெள்ளி விலையும் நீங்கள் அறிந்ததுதான். அதனால் அடுத்த மாதத்திலிருந்து சாதா மணி 180-லிருந்து 240 ரூபாய், பூண் போட்டது அன்றைய வெள்ளி விலைப்படி, ஆர்டருக்கு மூன்று வாரம் ஆகும்.

மகளின் பிறந்தநாளுக்கு ஒரு மணி என்று ஏழு வருஷமாக வாங்கும் காட்பாடி டீச்சர், அந்தப் போட்டோவைப் பார்த்ததும் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். 'சாப்பிட்டியாம்மா' என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசினார். அவருக்கும், அந்தக் குழுவிலேயே எனக்காகப் பதில் எழுதிய மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

சந்தேகம் இருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் வாருங்கள், கண்ணெதிரே சுற்றிக் காட்டுகிறேன். ஃபேன் மட்டும் போடச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மணிக்கடைக்காரி
சத்துவாச்சாரி, வேலூர்