கிருஷ்ணகிரியில் மாணவியர் படிப்பகம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் எங்கள் வணக்கம்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மாணவியருக்கென மாலைநேரப் படிப்பகம் ஒன்றையும், சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து அவர்களை அழைத்து வந்து இருட்டுமுன் வீட்டு வாசலில் இறக்கிவிட ஒரு வேனையும் பெண்கல்விக்காகப் பாடுபட்ட பேகம் ரொக்கேயாவின் நினைவாக ஏற்பாடு செய்ய முனைந்துள்ளோம். அவரை நாங்கள் நினைப்பதற்குக் காரணம் உண்டு.

1880-இல் இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் பிறந்த ரொக்கேயாவுக்கு வங்க மொழியும் ஆங்கிலமும் கற்க வீட்டில் இசைவில்லாததால், ஊர் உறங்கிய பின் அண்ணன்தான் விளக்கொளியில் அவருக்குக் கற்பித்தார். பின்னாளில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கதை 1905-இல் அச்சேறியது, நம் சென்னையிலிருந்து வெளிவந்த மகளிர் இதழ் ஒன்றில். 1909-இல் கணவர் சக்காவத் ஹுசைன் மறைந்தபின், பெண்கல்விக்கெனக் கணவர் ஒதுக்கி வைத்திருந்த 10,000 ரூபாயைக் கொண்டு பீகாரின் பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு ரொக்கேயா பள்ளி தொடங்கினார். குடும்பத்துச் சொத்துப் பிணக்கால் அந்த ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தும், 1911-இல் கல்கத்தாவில் எட்டு மாணவியரோடு மறுபடி தொடங்கினார். வீடு வீடாகச் சென்று, பர்தாவுக்குப் பங்கம் வராது என்று பெற்றோருக்கு உறுதி கூறிப் பிள்ளைகளைக் கேட்டார்.

அந்த உறுதியைக் காக்க நாற்புறமும் மூடிய வண்டி ஒன்றை அமர்த்தியபோது, உள்ளே காற்றில்லாமல் சிறுமியர் மயங்கி விழுந்தனர். காற்றுக்காகத் திரையைத் தொங்கவிட்டபோது, திரை பறக்கிறதென்று கண்டனக் கடிதங்கள் வந்தன. பாடத்தைவிட வீட்டுக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட வழியே அவருக்குப் பெரும் சோதனையாக இருந்தது.

நம் பகுதியிலும் அந்த வழி இன்னும் எளிதாகிவிடவில்லை. பத்தாம் வகுப்புவரை நன்றாகப் படித்த பெண், மேல்நிலைப் பள்ளி தொலைவு, பேருந்து நேரத்துக்கு வராது என்ற காரணங்களால் வீட்டிலேயே தங்கிவிட்டு, பதினெட்டு நிறையுமுன் மணப்பெண் ஆகிவிடுவதை நாங்கள் வேதனையோடு பார்த்திருக்கிறோம். வீட்டில் உருதும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகளுக்கு இரு மொழி நூல்களும் வேண்டும். எம்மதத்து மாணவியும் இங்கே வந்து படிக்கலாம்.

மேசைகள், நூல் அடுக்குகள், மின்விளக்குகள், கழிப்பறை, முதல் ஓராண்டுக்கான வேன் வாடகை, மாலையில் உடனிருக்கும் ஆசிரியைக்கு மாதச் சம்பளம் ஆகியவற்றுக்கு உங்கள் உதவியை நாடுகிறோம். ஜகாத்தாக (இஸ்லாத்தில் கடமையான ஏழைவரி) வரும் தொகை தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, அதைப் பெறும் தகுதியுள்ள ஏழை மாணவியரின் கட்டணத்துக்கு மட்டுமே செலவிடப்படும். கட்டடத்துக்கும் வேனுக்கும் சதகாவும் (விரும்பித் தரும் தருமம்) பொது நன்கொடையும் மட்டுமே பயன்படும். ஆகவே கொடுக்கும்போதே இன்ன வகையென்று குறிப்பிட வேண்டுகிறோம். பணமாகத் தர இயலாதோர் மரச்சாமான்கள், பாடநூல்கள், வாரத்தில் ஒரு மாலைநேரக் கற்பித்தல் என எதைத் தந்தாலும் மனமுவந்து ஏற்போம்.

ரொக்கேயா மறைந்த நாளாகிய டிசம்பர் 9 அன்று படிப்பகத்தைத் திறக்க எண்ணியுள்ளோம். குழுவினர் வீடு தேடி வரும்போது ரசீதைத் தவறாமல் கேட்டுப் பெறுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் படிப்பக வாசலில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
படிப்பகக் குழுவினர்,
கிருஷ்ணகிரி