ஹெட்போனைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன்

திருமங்கலம்
புரட்டாசி 14

மாப்ளே செல்வம்,

நானும் மீனாவும் சௌக்கியம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மருமகளுக்கு என்ன குழந்தை பிறந்தது என்று ஒரு வரி எழுதிப் போடு. போன் செய்யாதே, எழுது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே.

வளைகாப்புக்கு நான் வராதது வேண்டுமென்று செய்ததில்லை. நீ போனில் பதினெட்டாம் தேதி என்று சொல்லியிருக்கிறாய். எனக்கு "எட்டாம் தேதி" மட்டும்தான் விழுந்தது. இன்னொரு தடவை கேட்க வெட்கப்பட்டு, முன்னால் ஓர் இருபதை நானே போட்டு நிரப்பிக்கொண்டு, "சரி சரி, வந்துருவோம்" என்றேன். மீனா ஆறு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். பதினெட்டாம் தேதி ராத்திரி வாட்ஸப்பில் படம் வருகிறது, மருமகள் கன்னமெல்லாம் சந்தனத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெட்டி இன்னும் பீரோ மேல்தான் இருக்கிறது. அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு என்ன சொல்வது? காது கேட்கவில்லை என்றா? முப்பது வருஷமாக மைக்செட் போடுகிறவன் அப்படிச் சொன்னால் நீ பழைய பரவைக் கச்சேரிக் கதையை இழுத்துக் கிண்டல் பண்ணியிருப்பாய். அப்புறம் நீ கூப்பிட்டபோதெல்லாம் எடுக்காமல் விட்டேன். நீ கூப்பிடுவதை நிறுத்தினாய். ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஆடி மாதம் வேலை இல்லாத நேரமாகப் பார்த்து மீனா இழுத்துக்கொண்டு போய்க் காது டாக்டரிடம் உட்கார வைத்தாள். சத்தம் புகாத ஒரு சின்ன அறை. காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே வந்ததும் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். வலது காதுக் கோடு சுமாராகப் போகிறது. இடது காதுக் கோடு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, 4,000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சத்தம் பக்கத்தில் கயிறு அறுந்த வாளி மாதிரி கீழே போய்விட்டது. அதிகச் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தானாம். உள்காதில் மயிர் மாதிரி இருக்கும் செல்கள் செத்துவிட்டால் மறுபடி முளைக்காதாம். ஸ, ச, த மாதிரி எழுத்தெல்லாம் மங்கிவிடும், பேச்சு கேட்கும், ஆனால் என்ன பேச்சென்று புரியாது என்றார். என்னைப் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி சொன்னார். ஏன் இடது காது மட்டும் என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் பதில் எனக்கே தெரிந்தது. மைக்செட் மேஜையை எப்போதும் மேடைக்கு எந்தப் பக்கம் போடுவேன், பாக்ஸ் எந்தக் காதுக்கு நேராக இருக்கும்? உனக்குத் தெரியும். ஊரெல்லாம் காதுகுத்துக்கு மைக்செட் கட்டியவனுக்கு இப்படி ஒரு காதுகுத்து.

சரி, அழுதது போதும். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அது மட்டும் இல்லை.

அக்கா மகன் கார்த்தி காலேஜ் லீவுக்கு வந்திருந்தான். என்னைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, அவனுடைய ஹெட்போனைக் கொடுத்து, "மாமா, சின்னச் சத்தத்தில் வைத்துக் கேளுங்கள், இவர்கள் ஒலிப்பதிவு உங்களுக்குப் பிடிக்கும்" என்றான். பேண்டின் பெயர் பார்க்குப்பைன் ட்ரீ. முள்ளம்பன்றி மரம். "முள்ளம்பன்றி எந்த ஊரில் மரம் ஏறுகிறது?" என்று மீனா கேட்டாள். எனக்கும் அப்போது நம்பிக்கை இல்லை. இங்கிலீஷ் ராக் என்றால் நம் ஆர்கெஸ்ட்ராவில் அந்த கித்தார்க்காரத் தம்பி இடைவேளையில் அலற விடுவானே, அது என்றுதான் நினைத்தேன்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்து முதலில் கேட்டது 2002-இல் வந்த 'இன் ஆப்சென்ஷியா'. அதில் 'ட்ரெயின்ஸ்' என்று ஒரு பாட்டு. சாதாரண கித்தாரில் தொடங்குகிறது. பாதியில் எல்லாம் அடங்கி ஒரு பாஞ்சோ வருகிறது, கூடவே கைதட்டல். தட்டலென்றால் ஏதோ கோயில் பஜனையில் தட்டுகிற மாதிரி அவ்வளவு பக்கத்தில். கண்ணை மூடினால் நாலு பேர் என் முன்னால் உட்கார்ந்து தட்டுகிறார்கள். முப்பது வருஷத்தில் எத்தனை ஆம்ப்ளிஃபயர் மாற்றியிருப்பேன், இப்படி ஒரு தட்டலை நான் எந்தப் பாக்ஸிலும் கேட்டதில்லை.

அடுத்து 'த சவுண்ட் ஆஃப் மியூசாக்'. இங்கேதான் உன் நினைப்பு வந்தது. என்னமோ நொண்டுகிறதே என்று காலில் தட்டிப் பார்த்தேன். ஏழு! தகிட தகதிமி, தகிட தகதிமி. மிஸ்ர சாபு மாப்ளே! தெப்பத்துக்கு வந்த அந்தத் தவில்காரர் உன் முன்னால் வாசித்துவிட்டு, "தம்பி, இதை உங்க ட்ரம்ஸ்ல வைங்க பாப்போம்" என்று கிண்டல் பண்ணினாரே, அதே ஏழு. ஆனால் நொண்டவில்லை, தண்ணீர் மாதிரி ஓடுகிறது. பல்லவிக்கு வந்ததும் நாலுக்கு மாறுகிறது, மாறியதே தெரியவில்லை. வாசித்தவர் கேவின் ஹாரிசன். அந்த ஆல்பத்துக்குத்தான் புதிதாக வந்து சேர்ந்தார். தாளத்தில் காதை ஏமாற்றுவது எப்படி என்று புத்தகமே எழுதியவராம். பாட்டு எதைப் பற்றி என்று கார்த்தி சொன்னான்: இசையெல்லாம் கடையில் சும்மா பின்னால் ஓடுகிற சத்தமாகிவிட்டதே என்ற எரிச்சல். செய்முறை வாசிக்கும் நேரத்துக்குப் பின்னால் பாட்டு ஓட்டியே சம்பாதித்தவன் நான். கொஞ்சம் உறைத்தது.

மறுநாள் கார்த்தி என்னிடம், "மாமா, இடது பக்கம் சின்னச் சின்னச் சிம்பலாக வருகிறதே, கேட்டீர்களா?" என்றான். கேட்டேன் என்றேன். பொய். அங்கே எனக்கு ஒன்றுமே இல்லை. அவன் தூங்கப் போனபிறகு மறுபடி மாடிக்குப் போய், ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு அதே பாட்டை வைத்தேன். இடது பக்கம் இருந்ததெல்லாம் இப்போது நல்ல காதுக்கு வந்தது. இருட்டில் யாரோ சில்லறையைக் கொட்டின மாதிரி இருந்தது மாப்ளே. இரண்டு வருஷமாக, மூணு வருஷமாக, எவ்வளவு நாளாக இதெல்லாம் எனக்கு இல்லாமல் இருந்தது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து எதையும் இரண்டு தடவை கேட்கிறேன். நேராக ஒரு தடவை, திருப்பிப் போட்டு ஒரு தடவை. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, குட்டியானை வாசலில் சும்மா நிற்கிறது, எனக்கு வேறு என்ன வேலை?

இந்தக் கூட்டம் தொடங்கிய கதை உனக்குப் பிடிக்கும். 1987. ஸ்டீவன் வில்சன் என்று ஒருவர், லண்டன் பக்கம் ஹெமல் ஹெம்ப்ஸ்டட் என்ற ஊர். அவரும் ஒரு சிநேகிதரும் சேர்ந்து இல்லாத ஒரு பழைய பேண்டைக் கற்பனை பண்ணி, அதற்கு ஆட்களின் பெயர், அவர்கள் போட்ட ஆல்பங்கள், ஜெயிலுக்குப் போய் வந்த கதை வரைக்கும் ஜோடித்தார்கள். அப்புறம் அந்தப் பொய்க்கு ஆதாரமாக வீட்டிலேயே பாட்டு போட்டு கேசட்டில் விட்டார். இதைப் படித்ததும் நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். "சென்னை புகழ்" நோட்டீஸ் அடித்தது நாம் மட்டும் இல்லை! நமக்கு உசிலம்பட்டியில் உதை, அவருக்கு உலகம் சுற்றும் பேண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. வில்சனுடைய அப்பா எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். பையனுக்காகப் பல தடங்களில் பதிகிற டேப் மிஷினை வீட்டிலேயே கட்டிக் கொடுத்திருக்கிறார். எனக்கு என் அப்பா அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சால்டரிங் கம்பியை என் கையில் கொடுத்தது ஞாபகம் வந்தது. மேலே எழுதினால் வேறு எங்கோ போய்விடும், விடு.

முதலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். 1995-இல் வந்த 'த ஸ்கை மூவ்ஸ் சைட்வேஸ்' நீளநீளமாக மிதக்கிறது, பிங்க் ஃப்ளாய்ட் என்ற பழைய பேண்டின் சாயல் நிறைய. நல்ல தூக்கம் வரும், குறையாகச் சொல்லவில்லை. 1999-இல் 'ஸ்டூப்பிட் ட்ரீம்' வரும்போது பாட்டாகப் பாடத் தொடங்கிவிட்டார்கள். ரிச்சர்ட் பார்பியெரி என்று கீபோர்டுக்காரர், முன்னால் ஜப்பான் என்ற பேண்டில் இருந்தவர், அவர் வாசிக்கிறார் என்பதே தெரியாது. நிறுத்தினால்தான் தெரியும், ஃபேன் நின்ற வீடு மாதிரி. 2009-இல் வந்த 'தி இன்சிடென்ட்' எனக்கு ஒட்டவில்லை. 55 நிமிடம் ஒரே படைப்பு, அதைப் பதினாலு துண்டாக நறுக்கியிருக்கிறார்கள். ஒன்று பிடிக்க ஆரம்பிக்கும்போது இலையை எடுத்துவிடுகிறார்கள். கார்த்திக்கு என் மேல் கோபம்.

நான் மயங்கி விழுந்தது 2007-இல் வந்த 'ஃபியர் ஆஃப் எ பிளாங்க் பிளானட்'டில். ஆறே பாட்டு. எப்போது பார்த்தாலும் திரை, மாத்திரை, எதிலும் ஒட்டாத பிள்ளைகள், அதுதான் ஆல்பம் முழுக்க. நடுவில் 'அனெஸ்தடைஸ்' என்று ஏறக்குறைய 18 நிமிடம் ஒன்று. முதல் பகுதியில் ரஷ் பேண்டின் அலெக்ஸ் லைஃப்சன் விருந்தாளியாக வந்து கித்தார் வாசித்துவிட்டுப் போகிறார். நடுப்பகுதி இரும்புப் பட்டறை. அப்புறம் எல்லாம் அடங்கி, குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று அலை மாதிரி வந்து மோதிக்கொண்டே முடிகிறது. அந்தப் பதினெட்டு நிமிடமும் ஹாரிசன் ஓர் அடியைக்கூடச் சும்மா அடிக்கவில்லை. ஓங்கி அடிக்கிற அடிகளுக்கு நடுவில் ஸ்னேரில் ஊதின மாதிரி சின்ன அடிகள் போடுகிறார். நீ மட்டும் போடுவாய் அந்த மாதிரி. மேடையில் நான் அதை ஏற்றி வைக்கவில்லை என்று எத்தனை தடவை சண்டைக்கு வந்திருக்கிறாய்! கீழே எவனுக்குடா அது கேட்கப்போகிறது என்று சொல்லிவிட்டு பேஸைத் தூக்கி வைப்பேன். தப்புத்தான் மாப்ளே. இப்போது திருப்பிப் போட்டுத் தேடித் தேடி அதைத்தான் கேட்கிறேன்.

2010-க்குப் பிறகு பேண்டு நின்றுவிட்டது. சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வில்சன் தனி ஆல்பங்களுக்குப் போய்விட்டார். அந்தத் தனி ஆல்பங்களில் ஒன்று 2015-இல் வந்தது. லண்டன் வீட்டில் செத்துப்போய் இரண்டு வருஷத்துக்கு மேல் யாரும் தேடாத ஒரு பெண்ணின் நிஜக்கதையில் இருந்து எழுந்தது. கண்டுபிடித்தபோது டிவி ஓடிக்கொண்டே இருந்ததாம். அவளுக்கு அக்கா தங்கைகள் உண்டு, பழகியவர்கள் உண்டு. சோறு போடும்போது மீனாவிடம் இதைச் சொன்னேன். கரண்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் விருதுநகர் அத்தைக்குப் போன் செய்தாள்.

பேண்டு மறுபடி வந்தது 2021-இல், அடுத்த வருஷம் ஆல்பம். நடுவில் யாருக்கும் சொல்லாமல், வருஷக்கணக்கில் அவ்வப்போது, வில்சன் பேஸ் கித்தாரைத் தூக்கிக்கொண்டு ஹாரிசனோடு உட்கார்ந்து சும்மா வாசித்திருக்கிறார்கள். அதில் கிடைத்ததுதான் பாதி ஆல்பம். இதை நான் எதற்காகவும் எழுதவில்லை, தகவலுக்காக.

உன் ட்ரம் செட் குடோன் பரணில்தான் இருக்கிறது. பெரிய ட்ரம்மின் தோலை எலி கடித்துவிட்டது, மற்றது பத்திரம். போன வாரம் சிம்பல் இரண்டையும் இறக்கினேன். பச்சை பிடித்திருந்ததால் மீனா புளி போட்டு, பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேய்த்துவிட்டாள். எழுத்தெல்லாம் போய்விட்டது. நீ கத்துவாய், கத்து, அவளிடமே கத்து.

பெரியதைக் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டுப் பென்சிலால் ஒரு தட்டு தட்டினேன். சத்தம் நிற்கிற வரைக்கும் கையைத் தூக்கியே வைக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு, என்று எனக்கும் மீனாவுக்கும் ஒப்பந்தம். இடது காதைக் காட்டிக்கொண்டு, வலது காதை விரலால் பொத்திக்கொண்டு நின்றேன். டங்கென்று ஒன்று, கொஞ்சம் முனகல், நின்றது. கையை இறக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். மீனா கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கியபடி நிற்கிறாள். நின்றுகொண்டே இருக்கிறாள்.

தீபாவளிக்குப் பனியன் கம்பெனியில் எத்தனை நாள் லீவு என்று எழுது. ஆரப்பாளையத்துக்குக் குட்டியானையில் வந்து கூட்டிக்கொள்கிறேன். வரும்போது பெரிய ட்ரம்முக்கு ஒரு தோல் வாங்கி வா, அளவு உனக்குத் தெரியும். வளையல் பெட்டியைத் திரும்பும்போது எடுத்துப் போ. மாடியில் என் வலது பக்கம் உட்கார்.

இப்படிக்கு,
பாண்டி