வீடு வாங்கினாலும் அபராதமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகளும் மருமகனும் முதல் வீடு வாங்குவதற்காக ஆளுக்கொரு லைஃப்டைம் ஐசா கணக்குத் திறந்து ஐந்து வருடம் காசு சேர்த்தார்கள். ஐசா என்பது இங்கே பிரிட்டனில் வரியில்லாத சேமிப்புக் கணக்கு; அதில் இந்த வகை முதல் வீட்டுக்கோ வயதான காலத்துக்கோ சேர்ப்பதற்கு. வருடத்துக்கு 4,000 பவுண் வரை போடலாம். அரசாங்கம் அதற்கு 25 சதவீதம், அதாவது 1,000 பவுண், போனஸ் தரும். மகளுக்கு இரவு வேலை. ஓவர்டைம் காசைக் கையால் தொடாமல் அப்படியே அந்தக் கணக்கில் போட்டுவிடுவாள். அந்த ஐந்து வருடமும் ஊருக்குக்கூடப் போகவில்லை.

போன வருடம் ஹரோவில் ஒரு வீடு அமைந்தது. கீழ்த்தளத்திலேயே ஒரு அறையும் குளியலறையும் இருந்தன. முழங்கால் வருத்தத்தால் படி ஏற முடியாத சம்பந்தியம்மாவுக்கு அதைவிடத் தோதான வீடு கிடைக்காது. விலை 465,000 பவுண். இந்தத் திட்டத்திலோ வீட்டின் விலை 450,000 பவுணைத் தாண்டக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து வாங்கினாலும் அதே வரம்புதான். 2017 ஏப்ரலில் திட்டம் தொடங்கியபோது வைத்த தொகை அது. அதற்குப் பிறகு வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது, வரம்பு மட்டும் அசையவில்லை.

அன்று இரவு மகள் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். அவள் போட்டது 20,000. போனஸ் 5,000. வட்டியை விட்டுவிட்டால் மொத்தம் 25,000. வரம்பைத் தாண்டிய வீட்டுக்காக அதை வெளியே எடுத்தால் அபராதமாக 25 சதவீதம், 6,250 பவுண், பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் 18,750. "தந்த போனஸை எடுக்கட்டும் அம்மா, என்ர 1,250 ஐயும் ஏன் எடுக்கினம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மருமகனுக்கும் அதே கணக்கு. அந்த வீட்டை விட மனமில்லாமல், இருவருமாகத் தங்கள் உழைப்பில் 2,500 பவுணை இழந்துதான் வாங்கினார்கள்.

கோவிட் காலத்தில், 2020 மார்ச் முதல் 2021 ஏப்ரல் வரை, இந்த அபராதத்தை 20 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். 20 சதவீதம் என்றால் போனஸ் மட்டும் திரும்பிப் போகும், போட்ட முதல் நம்மிடம் இருக்கும். அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது? முதல் வீட்டுக்கென்று புதிய, எளிமையான ஒரு ஐசா வரும் என்று 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்கம் அறிவித்தது. நல்லது. ஆனால் பழைய கணக்கில் காசு போட்டு வைத்திருப்பவர்களின் அபராதத்தையும் விலை வரம்பையும் சரிசெய்ய வேண்டும். நான் எங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன். வாசகர்களும் எழுத வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கணக்குத் திறக்க நினைக்கும் பெற்றோர் சில விஷயங்களைக் கவனியுங்கள். 18 வயதிலிருந்து 40 ஆவதற்குள் திறக்க வேண்டும். முதல் காசு போட்டு 12 மாதம் ஆனால்தான் வீட்டுக்கு எடுக்கலாம். அந்தக் காசும் நம் கைக்கு வராது, வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் சொலிசிட்டருக்குத்தான் நேரே போகும். வீடு வாங்காவிட்டால் 60 வயதில் அபராதமில்லாமல் எடுக்கலாம், 50 வரை போட்டுக்கொண்டு வரலாம். ஆனால் இதை நம்பி வேலையிடத்துப் பென்ஷனை நிறுத்திவிடாதீர்கள், முதலாளி போடும் பங்கு போய்விடும். அப்புறம், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையைக் கேட்க நேர்ந்தால் இந்தக் கணக்கில் இருப்பதையும் சேமிப்பாகப் பார்ப்பார்கள். 16,000 பவுணுக்கு மேல் சேமிப்பு இருந்தால் அது கிடைக்காது. பென்ஷனில் இருக்கும் காசை அப்படிக் கணக்கில் எடுப்பதில்லை.

இதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. உங்கள் பத்திரிகையில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கித் தமிழில் விளக்கமாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஹரோ, லண்டன்