சனிக்கிழமை ரோபோட்டிக்ஸ் அறையை அடுக்குகிறோம்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகள் வகுப்பில் ஒரு சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்) தேடவே அரை மணி நேரம் போகிறது. வரும் சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை எல்லாவற்றையும் பிரித்து அடுக்குகிறோம்.

1. மூடியுள்ள சிறு டப்பாக்கள் கொண்டு வாருங்கள். டவுன் அல்வா டப்பா என்றால் நெய்ப் பிசுக்கு போகக் கழுவி, காயவைத்து. போன தடவை எறும்பு வந்தது நினைவிருக்கும்!

2. சக்கரம், மோட்டாருக்குப் பனை ஓலைப் பெட்டி போதும்.

3. ரெசிஸ்டரை (மின்னோட்டத்தைக் குறைக்கும் சிறு பாகம், அதன் தடை ஓம் கணக்கில்) முதல் மூன்று நிறக்கோடு பார்த்துப் பிரிக்க வேண்டும். சிவப்பு-சிவப்பு-பழுப்பு 220 ஓம். பழுப்பு-கருப்பு-ஆரஞ்சு 10,000 ஓம். சந்தேகம் வந்தால் அளந்து பார்க்க மல்டிமீட்டர் இருக்கிறது, ஊகம் வேண்டாம்.

4. 9 வோல்ட் பேட்டரிக்கு இரு முனையும் ஒரே பக்கம். ஆணி, கம்பியோடு போட்டால் ஷார்ட் ஆகிச் சூடேறும். முனையில் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரி கண்டால் தொடாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

5. அப்புறம், வீட்டுக்கு வந்துவிட்ட ஆர்டுயினோ போர்டு (ரோபோவை இயக்கும் சிறு கணினிப் பலகை), யூஎஸ்பி கேபிள் எல்லாம் திரும்பி வரட்டும். யார் என்று கேட்க மாட்டோம்.

எட்டுப் பேராவது வேண்டும். வியாழன் இரவுக்குள் ‘வருகிறேன்’ என்று பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் சேராது.