பழைய லாரி ஒன்றைக் கவசவண்டி சுமக்கத் தயார் செய்வது: நாமக்கல் நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறைப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்த பிறகும் காலையில் ஒருமுறை போய் வெல்டிங் வேலையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. இங்கே இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் நாங்கள் எல்லோரும் நலம். நான் வாங்கியிருக்கும் ஃபெரட் என்ற பழைய ராணுவக் கவசவண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டே கண்காட்சிக்குப் போகலாமே, அதைச் சுமப்பதற்கு ஒரு லாரியை வாங்கிப் பாடி மாற்றிக் கட்டுவது எதற்கு என்று கேட்டிருந்தாய். வாழ்நாளெல்லாம் லாரி பாடி கட்டியவன் கேட்கும்போது இரண்டு வரியில் பதில் எழுதி முடிக்க மனம் வரவில்லை.

ஃபெரட்டை கோவென்ட்ரி நகரத்து டெய்ம்லர் நிறுவனம் 1952 முதல் 1971 வரை தயாரித்தது. நம் இந்திய ராணுவத்திலும் இலங்கை ராணுவத்திலும்கூட அது இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டிதான், ஆனால் அந்த விசை போகும் வழி நம் ஜீப்பைப் போன்றதல்ல. ஒரே ஒரு டிஃபரன்ஷியல் நடுவில் இருந்து விசையை இடம், வலம் என்று பிரிக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஷாஃப்டுகளால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டுள்ளன. வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும், ஆனால் பூட்டு அதற்கு இடம் கொடுப்பதில்லை. சேற்றிலும் புல்தரையிலும் டயர் சற்று வழுக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடும். தார்ச்சாலையில் டயர் வழுக்காது. இறுக்கம் முழுவதும் ஷாஃப்டுகளிலும் சக்கரத்தருகே விசையின் திசையைத் திருப்பும் பெவல் கியர்களிலும் ஏறிக்கொண்டே போகும். நான்கு டயர்களும் ஒரே அளவு தேய்ந்திராவிட்டால் நேர்ச்சாலையிலும் இதே கதைதான். கட்டி இழுத்துச் சென்றாலும் சக்கரம் தரையில் உருளும்வரை பயனில்லை. இந்த வண்டியின் தயாரிப்பு எப்போதோ நின்றுபோன காலத்தில், கண்காட்சிக்குப் போகும் வழியிலேயே அதைத் தேய்த்துத் தீர்ப்பதற்கு எனக்கு மனமில்லை.

இனி எடைக்கு வருகிறேன். என் வண்டி நான்கு டன்னுக்குச் சற்று மேல். இந்த நாட்டில் காரோ பிக்கப்போ இழுக்கக்கூடிய டிரெய்லரின் வரம்பு 3.5 டன், அதுவும் டிரெய்லரின் எடையையும் சேர்த்து. ஆகவே டிரெய்லர் ஆகாது. 1997க்கு முன் கார் உரிமம் பெற்ற என் போன்றவர்கள் லாரியும் சரக்கும் சேர்த்து 7.5 டன் வரையுள்ள லாரியை அதே உரிமத்தில் ஓட்டலாம் என்பதால், ராணுவ வண்டி வைத்திருப்போர் பலரும் அந்த அளவு லாரியைத்தான் தேடுகிறார்கள். ஆனால் இரும்புத் தளம், சாய்தளம், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் எல்லாம் ஏறிய பிறகு 7.5 டன் லாரியில் மிஞ்சுவது மூன்று டன் அளவுதான். 1.1 டன் எடையுள்ள வில்லிஸ் ஜீப்பை அதில் நிம்மதியாக ஏற்றலாம். ஃபெரட்டை ஏற்ற முடியாது. ஏற்றிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது தவறு, பிரேக் பிடிக்கும் கணத்தில் அடுத்தவர் உயிரோடு விளையாடுவது.

அதனால் பழைய 18 டன், இரண்டு ஆக்ஸில் லாரி ஒன்றை வாங்கினேன். மளிகைச் சரக்கு ஏற்றிச் சென்ற பெரிய நிறுவனம் ஒன்று கழித்துவிட்ட வண்டி. யூரோ 6 என்ற புகைத் தரத்துக்கு உட்பட்ட இன்ஜின் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். அதற்குக் குறைந்த லாரி லண்டன் எல்லைக்குள் நுழைந்தால் நாளொன்றுக்கு 100 பவுண்டு, மிகப் பழையதென்றால் 300 பவுண்டு கட்ட வேண்டும். பெரிய லாரிக்கான உரிமத்துக்கு மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு எல்லாம் முடித்தேன். 65 வயதுக்குப் பிறகு அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நான் வாடகைக்கு ஓட்டுவதில்லை என்பதால் லாரி வைத்துத் தொழில் நடத்துவோருக்கான தனி உரிமம் தேவையில்லை. பக்கத்து ஊர் நண்பரின் ஜீப்பும் இதில் வரும், ஆனால் அவரிடம் காசு வாங்க மாட்டேன். வாங்கிவிட்டால் அது தொழில் என்றாகிவிடும். ஓட்டிய நேரத்தைப் பதியும் டாக்கோகிராஃப் கருவி விஷயத்தில் மட்டும் சொந்த உபயோகத்துக்கான விலக்கு 7.5 டன்னோடு நின்றுவிடுகிறது, ஆகவே என் லாரிக்கு விலக்கு இல்லை.

உனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். பக்கங்களில் திரைச்சீலை தொங்கிய பழைய பாடியை இறக்கிய பிறகு வெறும் சேஸ், அதாவது அடிச்சட்டம், நின்றது. இரண்டு ஆக்ஸில்களுக்கும் இடையே 5.8 மீட்டர். பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கும் பகுதி அந்த நீளத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள விதி. அப்படியானால் அதிகபட்சம் 3.48 மீட்டர், அதன் கடைசி இரண்டு மீட்டரைத்தான் கீழ்நோக்கிச் சரியும் வாலாக அமைக்கிறோம். தளத்தின் உயரம் 1.15 மீட்டர், வாலின் முனையில் 75 சென்டிமீட்டர். அங்கிருந்து 2.7 மீட்டர் நீளச் சாய்தளம், அதாவது ரேம்ப், தரைக்கு இறங்கினால் சரிவு 16 பாகை. பின் ஆக்ஸிலில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் இருப்பதால், காற்றை இறக்கி லாரியைப் பின்பக்கம் மண்டியிட வைத்தால் முனை சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்து, சரிவு 14 பாகைக்கு வந்துவிடுகிறது. பட்டை ஸ்பிரிங் லாரி மலிவாகக் கிடைத்தும் நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் இந்த இரண்டு பாகைதான்.

சேஸின் மேல்கீழ் விளிம்புகளில் துளையிடவோ எங்கும் வெல்டிங் வைக்கவோ கூடாது என்று தயாரிப்பாளர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். ஆகவே தளத்தைத் தாங்க ஒரு துணைச் சட்டம். பின்பகுதியில் அது தகடுகளால் அசையாமல் போல்ட் செய்யப்படுகிறது, முன்பகுதியில் ஸ்பிரிங் வைத்த பிராக்கெட்டுகளில் உட்கார்கிறது. மேடுபள்ளத்தில் சேஸ் முறுக்கிக்கொள்ளும்போது முன்பக்கம் அதற்கு வழிவிட வேண்டும் அல்லவா. துணைச் சட்டத்தின் முன்முனையைச் சதுரமாக வெட்டாமல் சரித்து முடிக்கிறோம், இல்லையென்றால் அந்த ஒரு புள்ளியில்தான் சேஸ் விரிசல் விடும். நீ யு போல்ட்டும் மரக்கட்டையும் வைத்து இதே சிக்கலைத் தீர்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபெரட்டை எங்கே நிறுத்துவது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். அதன் எடைமையம் பின் ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருந்தால், நான்கு டன்னில் சுமார் 700 கிலோ முன் ஆக்ஸிலுக்குப் போகும். அதே அளவு பின்னால் தள்ளி நின்றால் முன் ஆக்ஸிலிலிருந்து 700 கிலோ குறைந்து ஸ்டீயரிங் இலேசாகிவிடும். மொத்த எடை ஒன்றேதான். லாரி நடந்துகொள்ளும் விதமோ முற்றிலும் வேறு. எனவே கனமான கவசவண்டி கேபினை ஒட்டி முன்னால், ஜீப் பின்னால். ஃபெரட் 3.8 மீட்டர், ஜீப் 3.3 மீட்டர் என்பதால் இரண்டுக்கும் நெருக்கி இடம் இருக்கிறது.

இன்ஜின் ஓடாத நாளுக்காக 24 வோல்ட் வின்ச் வைக்கிறேன். 14 பாகைச் சரிவில் இந்த எடையை உருட்டி ஏற்ற ஒரு டன்னுக்குச் சற்று மேல் இழுவை போதும், ஆனால் பிரேக் இறுகி சக்கரம் உருளாமல் உராய்ந்துகொண்டு வந்தால் மூன்றரை டன் வரை தேவைப்படும். வின்ச்சின் மீது அச்சிட்ட அளவு உருளையில் முதல் சுற்றுக் கயிறு மட்டும் இருக்கும்போது கிடைக்கும் இழுவை. மேலே கயிறு சுற்றச் சுற்ற அது குறையும். ஆகையால் ஐந்து டன்னுக்கு மேற்பட்டதையே தேர்ந்தெடுத்தேன்.

கட்டுவதிலும் கணக்கு உண்டு. முன்னோக்கி வண்டியின் முழு எடையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பாதி எடையையும் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது இங்குள்ள அரசு வழிகாட்டுதல். ஜீப்புக்கு 50 மில்லிமீட்டர் அகலமுள்ள, கைப்பிடியால் இறுக்கும் ராட்செட் பட்டை போதும். ஃபெரட்டுக்கு 8 மில்லிமீட்டர் உயர்தரச் சங்கிலிகள், நான்கு மூலையிலும், தளத்தில் அல்லாமல் துணைச் சட்டத்தோடு இணைந்த வளையங்களில்.

ஒரு விஷயத்தில் உன் யோசனை வேண்டும். எங்கள் ராணுவ வண்டிச் சங்கத்து நண்பர் ஒருவரிடம் யுனிவர்சல் கேரியர் இருக்கிறது, இரும்புச் சங்கிலித் தடத்தில் ஓடும் வண்டி, அதுவும் நான்கு டன் அளவு. இரும்புத் தடம் இரும்பு ரேம்பில் மழை நாளில் பிடிக்காது. மேலும் ரேம்ப் முடிந்து வால் தொடங்கும் இடத்திலும், வால் முடிந்து தளம் தொடங்கும் இடத்திலும் அந்த வண்டியின் முன்பகுதி அந்தரத்தில் நின்று திடீரென்று கவிழ்ந்து விழும். அந்த அடி முழுவதும் ஒரே குறுக்குச் சட்டத்தில் இறங்கும். ரேம்பின் மீது கடினமான மரப்பலகை பதிப்பதா, குறுக்கே இரும்புக் கம்பிகளை வெல்டிங் செய்வதா, அந்தக் குறுக்குச் சட்டத்தை இரட்டிப்பதா என்று நானும் இங்குள்ள வெல்டரும் விவாதித்துக்கொண்டே இருக்கிறோம். எனக்கு மரம்தான் சரியென்று தோன்றுகிறது. நனைந்த மரத்தின் எடையும் அழுகலும்தான் தயக்கம். புல்டோசர் ஏற்றும் லாரிகளுக்கு நீங்கள் எந்த மரம் போடுகிறீர்கள், எத்தனை அங்குலம், போல்ட்டின் தலையை எப்படிப் புதைக்கிறீர்கள் என்று எழுது. வரைபடத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். குறுக்குச் சட்டத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். உன் மகனிடமும் காட்டு. வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

உன் அன்பு நண்பன்