கறிக்கடை ஃப்ரீசருக்கு ஒரு நன்றி மடல்

இன்று ராத்திரி கடைசித் தாளும் காய்ந்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டுத்தான் படுப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளம் வந்த கதை உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்பச் சொல்லி அழப் போவதில்லை. வீட்டின் கீழறையில் இருந்த டிரங்குப் பெட்டியும் முங்கிப் போனது. உள்ளே இருந்தவை என் மாமனாரின் கொள்ளுத்தாத்தா சேர்த்த காகிதங்கள். ஜெர்மனியிலிருந்து வந்து, 1871ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எல்க்ஹார்ன் ஆற்றங்கரையில் 160 ஏக்கர் கேட்டு எழுதிக்கொடுத்த விவசாயி. லிங்கன் 1862ல் கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து உழுதால் நிலம் சொந்தம். (அதற்கு முன் அது யார் மண் என்பது தனிக் கதை. அதையும் ஒருநாள் எழுதுவேன்.)

நிலக் காகிதம் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் குடியிருந்தது உண்மைதான் என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர் சொன்ன சாட்சி முதற்கொண்டு வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வயிற்றைக் கலக்கியது பைபிள்தான். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே பிறப்பு, கல்யாணம், சாவு எழுத விட்டிருக்கும் பக்கங்கள். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் கொள்ளுப்பாட்டி, பெற்றது ஒன்பது, இருப்பது ஏழு என்று சொல்லியிருக்கிறாள். மற்ற இரண்டும் 1880 கணக்கெடுப்புக்குப் பிறகு பிறந்து, 1900க்கு முன்பே போய்ச் சேர்ந்தவை. 1890 கணக்கெடுப்பு ஏடுகள் 1921 தீயில் நாசம். மாநிலம் பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கியதோ 1904ல். எங்களுக்குத் தெரிந்து, அந்த இரண்டு பிள்ளைகளின் பெயர் இருக்கும் ஒரே இடம் இந்தப் பக்கம்.

"ஹேர் டிரையர் போடாதே, உடனே உறைய வை, இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும்" என்று போனில் சொன்னாள் தோழி. எங்கள் வீட்டிலோ கரண்டே இல்லை. என் கணவர் ஊர்க் கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டார். "எத்தனை பவுண்டு?" என்று கேட்டார் அவர். காகிதம் என்றதும் ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம், "கொண்டு வாங்க."

ஒவ்வொரு கட்டையும் மெழுகுத்தாளில் சுற்றி, அதன்மேல் இறைச்சி கட்டும் வெள்ளைத்தாளைச் சுற்றி, ஓரம் மடித்து ஒட்டினார். மேலே எங்கள் குடும்பப் பெயர். தொடையா விலாவா என்று எழுதும் இடத்தில், 'தாத்தா'. வாடிக்கையாளர்களின் சொந்தக் கறிக்கு அடிக்கும் 'விற்பனைக்கு அல்ல' முத்திரையையும் அடித்தார். சாசேஜ்களைத் தள்ளி ஒரு தட்டையே காலி செய்து கொடுத்தார். பதினோரு வாரம். வாடகை எவ்வளவு என்றால், "அவர் பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கிறார், விடுங்க" என்றார். கறிக்கடை வாசலை மிதிக்காத வீட்டில் பிறந்தவள் நான். பதினோரு சனிக்கிழமை அங்கே போய் நின்று, ஒவ்வொரு தாத்தாவாக வாங்கி வந்து, உருக வைத்து, தாள் தாளாகப் பிரித்தேன்.

சேறு அள்ளிய சர்ச்சுக்காரர்கள், ஒமாஹாவிலிருந்து மின்விசிறிகளும் சாம்பார் வாளியுமாக வந்த நம் பிள்ளைகள், மை ஒற்றும் தாளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்த நூலகத்து அம்மா, பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படித்துச் சொன்ன ஓய்வுபெற்ற பாதிரியார், எல்லோருக்கும் நன்றி. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். கை ஓய்ந்துவிட்டது.

மை பழுப்பேறியிருக்கிறது, ஆனால் கரையவில்லை. பெண் குழந்தை பத்தொன்பது நாள் இருந்திருக்கிறாள். பையன் இரண்டு வயது வரை. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, எந்த ஊரில் இருந்தாலும் இந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன். இனி ஒரே பெட்டியில் அது இருக்காது.

கடைசிப் பொட்டலத்தை வாங்கும்போது கறிக்கடைக்காரர் ஒரு பெரிய சாசேஜ் பொட்டலத்தையும் சேர்த்துக் கையில் திணித்தார். நான் சைவம் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.